வடசென்னை மணலில் பழங்காசு: ஆறு நாள் குறிப்பு

நாள் 1 — தங்கசாலை

இன்று மெட்டல் டிடெக்டர் பையிலேயே இருக்கட்டும். பழங்காசு தேட ஆசைப்படும் குடும்பம் கடற்கரைக்குப் போகும் முன் ஒரு காலைப் பொழுதைத் தங்கசாலைத் தெருவில் செலவிட வேண்டும். கம்பெனி ஆட்சியின் நாணயச்சாலை 1840-களின் தொடக்கத்தில் கோட்டைக்குள்ளிருந்து இங்கே வந்தது. 1869-ல் மூடும்வரை இங்கேதான் காசு அடித்தார்கள். பிறகு அந்த வளாகம் அரசு அச்சகமானது. பஸ் பலகையில் இன்றும் ‘மின்ட்’ என்றே இருக்கிறது.

மண்ணுக்குள் என்ன கிடக்கக்கூடும் என்று தெரியாமல் கருவியை ஆட்டினால், கிடைத்ததைத் துருப்பிடித்த வாஷர் என்று வீசிவிடுவோம். அதனால் காசுகளின் அளவும் எடையும் முதலில் மனப்பாடமாக வேண்டும். பிள்ளைகளுக்கு இது வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும்.

பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று வைத்து, 1818-ல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. அந்தக் காசுக் கணக்கின் மிச்சமாகச் செம்பில் கிடைப்பவை 10 காசும் 20 காசும். 1803, 1808 என்று ஆண்டு போட்டவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழ் ரோமன் எண். 20 காசு சுமார் 9.3 கிராம், 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10 காசு அதில் பாதி எடை. இவை சென்னையில் அடித்தவை அல்ல, இங்கிலாந்தின் பர்மிங்காமில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்தவை. அதனால்தான் விளிம்பு அவ்வளவு வட்டமாக இருக்கும். 1809-ல் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கிய ‘அட்மிரல் கார்டனர்’ கப்பலிலிருந்து இந்த 1808 காசுகள் ஏராளமாக மேலே வந்தன. கடையில் பளபளவென்று கிடைக்கும் 1808 காசு பெரும்பாலும் அந்தக் கப்பல் சரக்கு. நம் மண்ணில் புழங்கித் தேய்ந்தது அப்படி மின்னாது.

1835-க்குப் பிறகு இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம். 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். செம்புக் காலணா 6.4 கிராம் அளவில், 25 மில்லிமீட்டர். தம்படி 2.1 கிராம், 17 மில்லிமீட்டர் சொச்சம். 1862 முதல் செம்புக் காசில் விக்டோரியா ராணி தலை. 1906-ல் செம்பு போய் வெண்கலம் வந்தது. வெள்ளி ரூபாய் 11.66 கிராம். 1943 முதல் 1947 வரை வந்த, நடுவில் துளையிட்ட பைசாவைத்தான் ஊரில் ஓட்டைக் காலணா என்கிறோம்: 2 கிராம், 21 மில்லிமீட்டர். டச்சுக் கம்பெனியின் ‘டாய்ட்’ செம்புக் காசும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. பழவேற்காடு அவர்கள் கோட்டை கட்டியிருந்த ஊர். நம் வாயில் புழங்கும் ‘துட்டு’ அந்த டாய்ட்டிலிருந்து வந்ததுதான்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களின் பழைய டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். ஓட்டைக் காலணாவும் நயா பைசாவும் அங்கேயே பாதி இருக்கும். கையில் தொட்டு எடை உணர்ந்த பிள்ளைக்குப் படம் பார்த்த பிள்ளையைவிட வேகமாகப் பிடிபடும். அதற்குப் பிறகு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒரு நடை. மாவட்டங்களில் புதையலாகக் கிடைத்த காசுகள் வந்து சேரும் இடம் அது.

சட்டத்தையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்பது 1878-ன் வரம்பு, இன்றும் அதே எண்தான். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இவற்றில் கருவியோடு நிற்கவே கூடாது. புனித ஜார்ஜ் கோட்டையும், பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் நிற்கும் பழைய நகரச் சுவரும் இந்தக் கணக்கில் வரும். கோயில் வளாகம், கோயில் நிலம், துறைமுகம், ரயில்வே இடம், ஆலை வளாகம் எதுவும் வேண்டாம். மிஞ்சுவது உரிமையாளர் எழுதிக் கொடுத்து அனுமதித்த தனியார் நிலமும், உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் பொதுக் கடற்கரையின் மேற்பரப்பு மணலும்தான். வட்டம் சிறியது. அதற்குள்ளேயே செய்வதற்கு நிறைய இருக்கிறது.

நாள் 2 — தண்டையார்பேட்டை, வீட்டுக் கொல்லை

சோதனைப் பாத்தி போடும் நாள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கடற்கரைக்குப் போகிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் கருவியைப் பரணில் ஏற்றுகிறார்கள்.

இரண்டரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் போதும். முதலில் அந்த இடத்தைக் கருவியால் துழாவி, கிடக்கும் ஆணி, கம்பித் துண்டு, பிளேடு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வடசென்னையில் வீடு இடித்துக் கட்டாத மனை அரிது, கட்டட இடிபாட்டில் முறுக்குக் கம்பி இல்லாமல் இருக்காது. சுத்தமான பிறகு 30 சென்டிமீட்டருக்கு ஒரு பொருளாகப் புதைக்கலாம். ஒவ்வொன்றையும் சின்ன பிளாஸ்டிக் வலைப்பையில் போட்டு நைலான் நரம்பு கட்டி, நுனியை மேலே விட்டுவிட்டால் திரும்ப எடுக்கச் சிரமமில்லை.

வரிசை இப்படி: பழைய அலுமினிய 10 பைசா, தாமரை போட்ட பித்தளை 20 பைசா, ஒரு செம்புக் காசு, 1 ரூபாய் ஸ்டீல் காசு, தடிமனான பழைய 5 ரூபாய், சோடா மூடி, 3 அங்குல ஆணி, மாத்திரை அட்டையின் தகடு. முதலில் எல்லாம் 5 சென்டிமீட்டர் ஆழத்தில். பிறகு 10, 15, 20 என்று இறக்கி, ஒவ்வொரு முறையும் கருவி திரையில் காட்டும் எண்ணையும் (உலோகத்துக்கு ஏற்ப மாறும்) ஒலியையும் நோட்டில் எழுத வேண்டும். அதே காசைப் படுக்க வைத்தும், விளிம்பில் நிறுத்தியும் பாருங்கள். நிறுத்திய காசு பாதி ஆழத்திலேயே காணாமல் போகும்.

இந்தப் பாத்தி சொல்லித்தரும் முக்கியமான பாடம் ஒன்று. நம் இன்றைய 1 ரூபாய், 50 பைசா காசுகள் காந்தம் பிடிக்கும் ஸ்டீல். 50 பைசா 1988-லும், 1 ரூபாய் 1992-லும் ஸ்டீலுக்கு மாறின. கருவிக்கு அவை இரும்புதான். டிஸ்க்ரிமினேஷனை (வேண்டாத உலோகத்துக்குக் கருவி ஒலிக்காமல் தடுக்கும் அமைப்பை) ஏற்றி இரும்பை வெட்டிவிட்டால் இவை பெரும்பாலும் ஒலிக்காது, ஒலித்தாலும் எண் தாவிக்கொண்டே இருக்கும். ‘காசு போட்டுப் பார்த்தேன், கருவி பிடிக்கவில்லை, பழுது’ என்று திருப்பிக் கொடுத்த கதைகள் பலவும் இப்படித்தான். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் எண்களும் நமக்கு உதவாது. அவை அந்த ஊர்க் காசுக்கு வைத்த எண்கள். நம் நோட்டில் நாம் எழுதிய எண்தான் நமக்கு அகராதி.

பொதுவாக வெள்ளியும் செம்பும் மேல் எண்ணில், கூர்மையான ஒலியில் நிற்கும். அலுமினியப் பைசாக்கள் நடுவில். செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் 25 பைசா, பழைய 2 ரூபாய் எல்லாம் கீழ் நடுவில், மாத்திரைத் தகடும் குட்கா பாக்கெட்டும் இருக்கும் அதே இடத்தில். அதனால் நடு எண்ணை வெட்டிவிட்டால் குப்பை குறையும், கூடவே குப்ரோ நிக்கல் காசும் போகும். தொடக்கத்தில் எதையும் வெட்டாமல், எல்லா ஒலியையும் கேட்டு, காதுக்குப் பழக்குவதே சரி.

சோடா மூடி தனி ரகம். தகர மூடியாக இருந்தும் பல கருவிகளில் நல்ல காசு போலவே பாடும். அதைப் பிரித்தறிய இரண்டு வழி: காயிலை (தண்டின் நுனியில் தரையைத் துழாவும் வட்டத் தட்டை) மெதுவாக 10 சென்டிமீட்டர் மேலே தூக்குங்கள். காசின் ஒலி மெலிந்தாலும் எண் நிலையாக நிற்கும், மூடியின் எண் சரியும். அடுத்து, காயிலைப் பொருளின் மேலிருந்து மெதுவாகப் பின்னால் இழுங்கள். விட்டு விலகும் நொடியில் இரும்பு ஒலி ‘கர்’ என்று வந்தால் மூடி. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒலியை மட்டும் கேட்டுப் பெயர் சொல்ல வைக்கலாம். பத்து வயதுக் காது இதில் நாற்பது வயதுக் காதை எளிதாக முந்தும்.

கருவி பற்றி. சந்தையில் வருவது பெரும்பாலும் வி.எல்.எஃப். வகை, அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்குவது. ஒற்றை அதிர்வெண் கருவி காய்ந்த மண்ணுக்குப் போதும். ஈரக் கடல் மணலுக்கு ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் இயங்கும் கருவி வேண்டும், காரணத்தை நான்காம் நாளில் எழுதுகிறோம். காயிலில் டி.டி. வகை (உள்ளே ‘D’ வடிவில் இரண்டு கம்பிச் சுருள் கொண்டது) கனிம மணலில் நிதானமாக நிற்கும். காயிலின் விட்டம் எவ்வளவோ, காலணா அளவுக் காசுக்கு ஆழமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதுவும் நல்ல மண்ணில். 11 அங்குலக் காயிலுக்கு ‘ஆறடி ஆழத்துப் புதையல்’ என்று விளம்பரம் செய்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

நாள் 3 — ராயபுரம், காசிமேடு

புறநகர் ரயிலில் ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையம், தூண்கள் இன்றும் நிற்கின்றன. மெட்ரோவில் பையை ஸ்கேனில் போட வேண்டும், கைக்கொத்துக்கும் காயிலுக்கும் விளக்கம் சொல்லியே நேரம் போகும். அதனால் கருவியோடு போகும் நாளில் புறநகர் ரயிலே வசதி.

ராயபுரம் கரையில் நின்று பார்த்தால் மணலே இல்லை, கருங்கல் குவியல்தான். காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தக் கரையில் எங்கே தேட வேண்டும் என்பதும் புரியும். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் மட்டும் வடக்கிலிருந்து தெற்கே. கூட்டிக் கழித்தால் நிகரம் வடக்கு நோக்கி. 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கரம் நீட்டியதும் அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. மெரினா அப்படித்தான் அகன்றது. அந்த மணல் வர வேண்டிய வடக்கே, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் குப்பத்து வீடுகளும் போயின. அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்சுவரும், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளும்.

ஆக, இங்கே கரையில் கிடக்கும் மணல் பழைய தரையின் மேல் மணல் அல்ல. பழைய தரை கடலுக்குள் போய்விட்டது. கல் தடுப்புகளுக்கு நடுவே புதிதாகச் சேர்ந்த மணலில் நேற்றைய காசும் இருநூறு ஆண்டுக் காசும் கலந்தே கிடக்கும். காசு கிடந்த ஆழத்தை வைத்து அதன் காலத்தைச் சொல்ல முடியாது. வயல், தோட்டத்தில் செல்லும் கணக்கு இங்கே செல்லாது.

கற்குவியலின் மேல் கருவி வேண்டவே வேண்டாம். பாசி வழுக்கும், கல்லிடுக்கில் கால் மாட்டும், அலை சொல்லிவிட்டு வராது.

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நமக்கு வேலையில்லை. வெளியே படகு இழுத்து நிறுத்தும் மணலில் தேடுவதென்றால், அது மீனவர்களின் பணியிடம் என்ற நினைப்பு வேண்டும். காலையில் ஏலம் முடிந்து ஆள் ஓயும்வரை காத்திருந்து, வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், ‘அண்ணா, பசங்களோட இந்த மணலைக் கொஞ்சம் பார்த்துக்கட்டுமா? குழிய மூடிட்டுத்தான் போவோம்’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். காயப்போட்ட வலையின் மேல் கால் படக்கூடாது.

இங்கே கருவி ஓயாமல் கத்தும். முக்கால்வாசி வலையின் ஈயக் குண்டு. ஈயம் காசு போலவே நல்ல ஒலி தரும், எண்ணால் பிரிக்க முடியாது, தோண்டித்தான் ஆக வேண்டும். எடுத்த ஈயத்தைத் தனி டப்பாவில் போட்டு வலைக்காரரிடமே கொடுத்துவிடலாம், அவருக்குப் பயன்படும். பிள்ளைகள் ஈயத்தை வெறுங்கையால் தொட வேண்டாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. துருப்பிடித்த தூண்டில் முள் இன்னொரு ஆபத்து. தோல் கையுறை, மூடிய செருப்பு, எல்லோருக்கும் டெட்டனஸ் ஊசி, இவை இல்லாமல் காசிமேடு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்ட குண்டுகள் விழுந்த பகுதி இந்தத் துறைமுகச் சுற்றுவட்டாரம். கனமான, உருளையான, ஒரு முனை கூம்பிய இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் தட்டிப் பார்க்காமல், பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள்.

இன்றைய கணக்கு, இரண்டு மணி நேரத்தில்: ஈயம் 23, சோடா மூடி 14, தூண்டில் முள் 6, ஸ்டீல் 1 ரூபாய் 3. பழங்காசு எதுவுமில்லை.

நாள் 4 — திருவொற்றியூர் முதல் எர்ணாவூர் வரை

மார்கழிக் காலை, ஐந்தரை மணி. வடகிழக்குப் பருவத்தின் புயல் அலை ஓய்ந்த இரண்டொரு நாளில் கரை வெட்டுப்பட்டு நிற்கும். முழங்கால் உயரத்துக்கு மணல் செங்குத்தாக அறுந்து, அதன் அடியில் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் கருமணல் கோடும் தெரியும். தேட வேண்டிய இடம் அதுதான். அலை மென்மணலை அள்ளிக்கொண்டு போகும், கனமானதை விட்டுவிடும். ஈயம், காசு, கருமணல் மூன்றும் கனம் என்ற ஒரே காரணத்தால் ஒரே கோட்டில் சேரும். ஆகவே ஈயக் குண்டு கிடைத்த இடத்தைச் சலித்துக்கொண்டு விட்டுப் போகாதீர்கள். அங்கேதான் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அலை திரும்பவும் மணலைக் கொண்டுவந்து போட்டு மூட ஒரு வாரம் கூட ஆகாது.

நம் கரையில் ஏற்றவற்றம் பெரிய அளவல்ல, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். வெளிநாட்டுக் கரைகள்போல நீர் வற்றி நூறு மீட்டர் திறக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் கூடுதலாகச் சில அடி கிடைக்கும், அவ்வளவே.

கருவி அமைக்கும் முறை. முதலில் கைப்பேசிகளை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். உயர் அழுத்த மின்கம்பியும் ரயிலின் மேல்கம்பியும் அருகில் இருந்தால், காயில் அசையாமல் இருக்கும்போதே கருவி விட்டுவிட்டுக் கத்தும். அப்போது அதிர்வெண் சேனலை மாற்றுங்கள், தீராவிட்டால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். சென்சிட்டிவிட்டி உச்சத்தில் இருந்தால்தான் ஆழம் கிடைக்கும் என்பது தவறான எண்ணம். இரைச்சலில் மெல்லிய ஒலி மூழ்கிவிடும். நிதானமாக ஓடும் நடு அளவே அதிகக் காசு தரும்.

அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்குக் கருவி ஒலிக்காதபடி சமன் செய்வது. உலோகம் இல்லாத ஒரு திட்டில் காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு 3 சென்டிமீட்டர் வரை நிதானமாக ஏற்றி இறக்குங்கள், ஒலி சமமாகும் வரை. காய்ந்த மேல் மணலில் செய்த பேலன்ஸ் ஈர மணலில் செல்லாது. காரணம் இரண்டு. நம் கரை மணலில் இல்மனைட், மேக்னடைட் போன்ற கரும் கனிமங்கள் இருக்கின்றன, அவை காந்தத் தன்மையால் கருவியை ஏமாற்றும். ஈர மணலின் உப்பு நீரோ மின்சாரத்தைக் கடத்தி ஏமாற்றும். இரண்டும் எதிரெதிர் வகை. ஒற்றை அதிர்வெண் கருவியால் ஒன்றைச் சமன் செய்யலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. அலை வந்து போகும் இடத்தில் அது ஊளையிடுவது பழுதால் அல்ல. பல அதிர்வெண் கருவியில் ‘பீச்’ நிலைக்கு மாற்றினால் அடங்கும். ஒற்றை அதிர்வெண் கருவி மட்டுமே இருந்தால் காய்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள்.

கயிறும் நான்கு குச்சியும் கொண்டு 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் கட்டுங்கள். கட்டத்துக்குள் ஒரு மீட்டர் அகலப் பாதைகள் பத்து. காயில் தரைக்கு இணையாக, இரண்டு விரல் உயரத்தில், வீச்சின் முடிவிலும் மேலே எழாமல் போக வேண்டும். புதிதாகப் பிடிப்பவர்கள் ஊஞ்சல் போல ஓரத்தில் தூக்கிவிடுவார்கள், பாதையின் இரு ஓரத்துக் காசும் போய்விடும். ஒரு வீச்சுக்கு இரண்டு நொடி, அடுத்த வீச்சு முந்தியதன் பாதியை மூட வேண்டும். பத்து மீட்டர் பாதைக்கு மூன்று நிமிடம். முழுக் கட்டம் முடிந்ததும் குறுக்கு வாட்டில் ஒருமுறை. விளிம்பில் நிற்கும் காசு ஒரு திசையில் பேசாமல் இருந்து மறு திசையில் பேசும்.

நான்கு பேர் குடும்பத்துக்கு வேலை சரியாக நான்கு: கருவி, தோண்டல், சலித்தல், எழுதல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றேகால் கிலோ கருவி முதல் பத்து நிமிடம் லேசாகத்தான் இருக்கும், அரை மணியில் தோள் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குத் தண்டைக் குறுக்கிச் சின்ன காயில் மாட்டிக் கொடுக்கலாம். தோண்டுகிறவரின் இரும்புக் கரண்டி காயிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

ஒலி வந்ததும் குறுக்கும் நெடுக்குமாக வீசி, ஒலி உச்சமாகும் புள்ளியில் குதிகாலால் ஓர் அடையாளம். கரண்டியை அந்தப் புள்ளியில் குத்தாதீர்கள். நான்கு விரல் பின்னால் தள்ளி, சாய்வாகச் செலுத்தி, முழுதாக அள்ளிக் கொட்டுங்கள். கொட்டிய குவியலை உள்ளங்காலால் பரப்பி அதன்மேல் காயிலை வீசினால், பொருள் குவியலுக்கு வந்ததா குழியிலேயே இருக்கிறதா என்று தெரியும். ஈர மணலில் குழி ஓரம் சரிந்துகொண்டே வரும், தயங்கினால் கனமான காசு இன்னும் கீழே இறங்கிவிடும். அங்கே இரண்டு மூன்று வேகமான அள்ளல்தான் வழி. சல்லடைத் துளை 8 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆயத்தமாகக் கிடைக்கும் பல கரண்டிகளில் துளை 12 மில்லிமீட்டர் வரை இருக்கும், சின்ன வெள்ளிப் பணம் அதில் நழுவிவிடும். பிளாஸ்டிக் பேசினில் துளை போட்டு வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது.

குழியை உடனே மூடி மிதித்துவிடுங்கள். விடியற்காலை இருட்டில் படகு தள்ளுகிறவரின் கால் அதில் இறங்கினால் எலும்பு முறியும். தை பிறந்ததும் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். அலை எட்டாத மேல் மணலில், முழங்கை ஆழத்தில் முட்டை இருக்கும். தையிலிருந்து சித்திரை வரை அந்த மேல் மணலைக் கொத்தவே கூடாது. ஊர்ந்த தடம் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கும் படித்துறை ஓரங்களில் காசு கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது காணிக்கை. அதை எடுத்துப் பிழைக்கும் எளியவர்களும் இருக்கிறார்கள். நாம் தள்ளி நிற்பதே முறை.

இன்று எர்ணாவூர்ப் பக்கம், வெட்டுப்பட்ட கரையின் அடிக்கோட்டில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில், மேல் எண்ணில் நிலையாக நின்ற ஓர் ஒலி. ஓட்டைக் காலணா ஒன்று. பச்சை பிடித்திருக்கிறது. கிடந்த இடத்தை அளவுகோலோடு படம் எடுத்து, தேய்க்காமல், அந்த ஈர மணலோடே டப்பாவில் போட்டாயிற்று.

நாள் 5 — எண்ணூர் முகத்துவாரம்

குறைவாகவே எழுத இருக்கிறது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் இந்தக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. சாம்பலில் இரும்பு ஆக்சைடு உண்டு, கிரவுண்ட் பேலன்ஸ் பத்தடிக்கு ஒருமுறை தடுமாறும். தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பிகள். விட்டுவிட்டு மின்துடிப்பை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி கனிம மணலைப் பொருட்படுத்தாது என்பது உண்மை. ஆனால் அதற்கு இரும்பும் செம்பும் ஒன்றே, இங்கே கிடக்கும் இரும்புக்கு ஆள் சலித்துவிடும்.

2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் பரவிய கரை இது. மணலுக்குள் கறுப்புத் தார்க்கட்டி தட்டுப்பட்டால் பிள்ளைகளின் கை படக்கூடாது. காயிலில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும். ஆற்றுச் சேற்றில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தச் சேற்றைக் கிளறுவது அவர்கள் வயிற்றில் கை வைப்பது. காயிலை மாட்டாமலேயே திரும்பினோம். இடத்தைப் பார்க்க வருவோருக்கு ஒன்று: முகத்துவாரத்தின் தென்கரை சென்னை மாவட்டம், வடகரை திருவள்ளூர் மாவட்டம். எந்தக் கரையில் கிடைத்ததோ அந்த ஆட்சியருக்குத்தான் எழுத வேண்டும்.

நாள் 6 — வீடு, பிறகு ராஜாஜி சாலை

கருவியின் காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் அலசி, மூட்டுகளைக் கழற்றி நிழலில் காய வையுங்கள். உப்பு ஓர் இரவு தங்கினாலே திருகாணி இறுகும். கட்டுப்பாட்டுப் பெட்டி நீர் புகாதது என்று எழுதியிருந்தால் ஒழிய, அதை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

காசுக்கு வருவோம். நம் வீடுகளில் செம்பு என்றதும் கை புளிக்குப் போகும். குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் புளி சரி. பழங்காசில் புளி, எலுமிச்சை, வினிகர், பீதாம்பரி எதுவும் படவே கூடாது. அமிலம் அந்தப் பச்சையோடு எழுத்தையும் அரித்துவிடும். பளபளக்கத் தேய்த்த காசுக்கு நாணயம் சேர்ப்பவரிடமும் மதிப்பில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவே. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் காசைப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும், வேண்டாம். தண்ணீரை முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கடலில் கிடந்த காசுக்குள் புகுந்த உப்பு மெல்லத்தான் வெளியே வரும், ஒரு மாதம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இளகிய மணலை மூங்கில் பல்குச்சியால் தள்ளலாம், ஊசி கூடாது. எடுத்த பிறகு மெல்லிய துணியில் ஒற்றி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில். பழைய மென்மையான பி.வி.சி. உறை செம்பின்மேல் பச்சைப் பிசினைக் கசியவிடும். காகித உறை அல்லது பி.வி.சி. இல்லாத உறைதான் நல்லது.

உறுதியான, வழவழப்பான கரும்பச்சை நல்லது, அது காசைக் காக்கும் தோல். வெளிறிய பச்சை மாவு போல் புள்ளி புள்ளியாகப் பூத்து, துடைத்தாலும் மறுபடி வந்தால் அது வேறு. குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்கிறது. அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல் பிரித்து, மறுபடி தண்ணீரில் போட வேண்டும். சென்னையின் காற்று ஈரத்தில் இது அடிக்கடி வரும். சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் வறுத்து உலர்த்த மறக்காதீர்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, இடம், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், கூடக் கிடந்தவை, கருவியின் எண், எடை 0.01 கிராம் வரை, வெர்னியர் காலிப்பரில் விட்டம், காந்தம் பிடிக்கிறதா இல்லையா. எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் காட்டிப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது நிழலில் தெரியும்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய குடும்பத்தைத் தேடி இரண்டு வகை ஏமாற்று வரும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ மறுபக்கம் என்று ஒரு காசு. கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை, அவை கோயில் வாசல்களில் விற்ற வில்லைகளின் வகை. மற்றொன்று ரைஸ் புல்லிங். அரிசியை இழுக்கும் காசு, கோடிக்கணக்கில் விலை என்பார்கள். செம்பு அரிசியை இழுக்காது. முன்பணம் கேட்கும் நொடியில் காவல் நிலையம் போங்கள்.

மோதிரமோ சங்கிலியோ கிடைத்தால் அது தொலைத்தவரின் உடைமை. அதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

ஓட்டைக் காலணா 10 ரூபாய்க்கு மேல் போகுமா போகாதா என்று கணக்குப் பார்ப்பதைவிடக் கடிதம் எழுதிவிடுவது சுலபம். வெள்ளைத் தாளில், தமிழிலேயே: கிடைத்த பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த தேதி. கடிதத்தில் சட்டம் கேட்பது இந்த நான்கும்தான். கூடவே இரண்டு பக்கப் படமும், அடையாள அட்டை நகலும் வைத்தோம். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகம் நடக்கும் தூரம். தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, அந்தத் தாளை நோட்டில் அந்தக் காசின் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். காசு இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது. நாளைக் காலை மூன்றாவது தண்ணீர் மாற்ற வேண்டும்.